வெளிநாட்டுப் படைக்கு மெஷின் வாடகைக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஒருகொடவத்தையில் வாடகை யார்ட் வைத்திருக்கிறீர்கள். ஐந்து தொன் ஃபோர்க்லிஃப்ட், ஜெனரேட்டர், லைட் டவர், தண்ணீர் பவுசர் எல்லாம் இருக்கின்றன. சிங்கப்பூர் கம்பனி ஒன்று, அமெரிக்கப் படையின் பயிற்சி ஒன்றுக்குக் கட்டுநாயக்கவில் இரண்டு கிழமைக்கு இவை வேண்டும், நாளைக்கே விலை அனுப்புங்கள் என்று ஈமெயில் போட்டிருக்கிறது. என்ன விலை போடுவது, காசு ஒழுங்காக வருமா, இதை நம்பி லீசிங்கில் இன்னும் இரண்டு ஜெனரேட்டர் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலைக்குப் பிறகு வருகிறேன். நான் பார்த்தவரை இந்த வேலையில் நட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் நல்ல விலைக்கே வேலையை எடுத்தவர்கள். யார் சொல்லி மெஷினை அனுப்பினோம், அப்படிச் சொல்ல அந்த ஆளுக்கு அதிகாரம் இருந்ததா, வாடகை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, இந்த மூன்றும் எழுத்தில் இல்லாமலே லொறியை யார்டுக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். காசு போனது அங்கேதான்.

முதலில் ஏன் வாடகைக்கு எடுக்கிறார்கள் என்பது விளங்க வேண்டும். ஒரு படை இரண்டு கிழமைப் பயிற்சிக்கோ அனர்த்த நிவாரணத்துக்கோ வரும்போது, ஃபோர்க்லிஃப்டையும் லைட் டவரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வருவது கட்டுப்படியாகாது. போகிற இடத்திலேயே எடுத்து, வேலை முடிந்ததும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 2016இல் யாழ்ப்பாணத்தில் பசிபிக் ஏஞ்சல் என்ற அமெரிக்க விமானப்படையின் உதவிப் பயிற்சி நடந்தது, 2018இல் மேர்சி மருத்துவக் கப்பல் திருகோணமலைக்கு வந்தது, அதே வருடக் கடைசியில் ஜோன் சி. ஸ்டெனிஸ் விமானந்தாங்கிக் கப்பலுக்குப் பொருள் கொண்டுபோகக் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தற்காலிக இடமாற்று மையமாகப் பாவித்தார்கள். இப்படி ஒவ்வொரு தடவையும் தரையில் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: தூக்குகிற மெஷின், கரண்ட், வெளிச்சம், தண்ணீர், கழிவறை, கலி பவுசர், பஸ், வேன், குளிரூட்டி லொறி.

உங்களுக்கு ஈமெயில் போட்ட கம்பனி பிரதான ஒப்பந்தக்காரராகக்கூட இல்லாமல் இருக்கலாம். மேலே படைப்பிரிவு இருக்கும். அதற்காக வாங்கிக் கொடுக்கிற ஒப்பந்த அலுவலகம் வேறு எங்கேயோ இருக்கும், கடற்படை என்றால் யொகோசுகா அல்லது சிங்கப்பூர் பக்கம், தரைப்படை என்றால் ஹவாய். அந்த அலுவலகத்தோடு கையெழுத்துப் போட்டது பிரதான கம்பனி. அதற்குக் கீழே நாட்டுக்கொரு ஏஜென்ட், அவருக்கும் கீழே நீங்கள். பெரிய அளவில் நடக்கும்போதும் இதே அடுக்குதான். முகாம் வேலைகளைத் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கிற அமெரிக்கத் தரைப்படையின் லொக்காப் திட்டம் 1985இல் தொடங்கியது. 2019இல் கொடுத்த ஐந்தாவது ஒப்பந்தத்தொகுதி கேபிஆர், ஃபுளூர், பிஏஈ, வெக்ட்ரஸ் என்ற நான்கு கம்பனிகளுக்குப் போனது. குவைத்திலோ ஈராக்கிலோ ஒரு முகாமில் கழிவறை கழுவுகிற ஆள் இவர்களின் நேரடி ஊழியராக இருப்பது அபூர்வம், இரண்டு மூன்று படி கீழே இருக்கிற ஏதோ ஒரு கம்பனியின் ஆளாக இருப்பார். கட்டளை மேலிருந்து கீழே சீக்கிரம் வந்துவிடும், காசு ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கும்.

இந்த இடத்தில் கொழும்பில் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. "அக்சா ஒப்பந்தம் இருக்கிறதே, அரசாங்கம் பொறுப்பு" என்பார்கள். அக்சா என்பது 2007இல் இலங்கையும் அமெரிக்காவும் கையெழுத்திட்டு 2017இல் புதுப்பித்த ஏற்பாடு. இரண்டு நாட்டுப் படைகளும் எரிபொருள், உணவு, போக்குவரத்து போன்றவற்றை ஒன்றுக்கொன்று கொடுத்துக் கணக்குத் தீர்ப்பதற்கானது. படைக்கும் படைக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அது, உங்கள் இன்வொய்ஸ் அதற்குள் வராது. உங்களுக்குக் காசு தரக் கடமைப்பட்டவர் உங்கள் ஓர்டரில் கையெழுத்துப் போட்ட கம்பனி மட்டும்தான். அந்தக் கம்பனி தராவிட்டால் பாதுகாப்பு அமைச்சிலோ தூதரகத்திலோ போய் நிற்பதில் பிரயோசனம் இல்லை.

சரி, அதிகாரம் யாரிடம்? அமெரிக்க முறையில் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும்படி ஓர்டர் கொடுக்கவோ மாற்றவோ எழுத்து மூலம் நியமனம் பெற்ற ஒப்பந்த அதிகாரிக்கு மட்டுமே முடியும். களத்தில் அவருடைய பிரதிநிதி ஒருவர் இருப்பார். வேலை நடக்கிறதா என்று பார்ப்பார், வந்ததை வந்ததென்று கையெழுத்துப் போடுவார், ஆனால் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ நாளை நீட்டவோ அவருக்கு அதிகாரம் இல்லை. மற்ற அதிகாரிகளுக்கு, எத்தனை நட்சத்திரம் குத்தியிருந்தாலும், அறவே இல்லை. இதை ஒபரேட்டர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் பிரச்சினை அவர்களிடம்தான் தொடங்கும். பன்னிரண்டாம் நாள் பின்னேரம் ஒரு சார்ஜன்ட் வந்து, நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே, "இந்த லைட் டவர் இன்னும் மூன்று நாளைக்கு நிற்கட்டும்" என்பார். நம் ஆட்கள் தலையாட்டிவிடுவார்கள், வெள்ளைக்காரன் கேட்டால் இல்லையென்று சொல்ல ஒரு கூச்சம். அந்த மூன்று நாளுக்கு இன்வொய்ஸ் போட்டால் ஏஜென்ட் "எங்களிடம் ஓர்டர் இல்லை" என்பார், அவர் சொல்வது அவருடைய கணக்குப்படி சரியும்கூட. அதிகாரமில்லாத வாக்குறுதியைப் பிறகு ஏற்று அனுமதிக்கிற வழி அவர்களின் விதியில் இருக்கிறது, ஆனால் அது அவர்கள் விருப்பப்பட்டால்தான், அதுவும் மாதக்கணக்கில் இழுபடும். ஆகவே ஒபரேட்டர் சொல்ல வேண்டியது ஒரே வசனம்: "ஒபிசில் சொல்கிறேன் சேர், ஓர்டர் வந்தால் நிற்கும்." நீங்கள் அந்த நிமிடமே ஏஜென்டுக்கு ஈமெயில் போட வேண்டும். யார் கேட்டார், எத்தனை மணிக்கு, எந்த மெஷின், நீடித்தால் நாளைக்கு எவ்வளவு, ஓர்டர் வராவிட்டால் எத்தனை மணிக்கு எடுத்துவிடுவேன், இவ்வளவும் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பேசுங்கள், பரவாயில்லை, ஆனால் ஈமெயிலிலும் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஈமெயிலில் எனக்குப் பிடிக்காத ஒரு வரி. "உங்கள் விலையோடு வேறு இரண்டு கம்பனிகளின் கொட்டேஷனும் சேர்த்து அனுப்பினால் நல்லது" என்று கேட்டிருக்கிறார்கள். செய்யாதீர்கள். மச்சானின் கம்பனி லெட்டர்ஹெட்டில் கொஞ்சம் கூடின விலை அடித்து அனுப்புவது இங்கே சாதாரண விஷயமாகப் போய்விட்டது, அமெரிக்கக் காசு சம்பந்தப்பட்ட இடத்தில் அது குற்றம். லெனர்ட் ஃபிரான்சிஸ் என்ற மலேசியக்காரரின் கதை தெரிந்திருக்கும். க்ளென் டிஃபென்ஸ் மரீன் ஏசியா என்ற கம்பனியை வைத்து ஆசியத் துறைமுகங்களில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்குச் சேவை செய்தவர். அதிகாரிகளுக்கு விருந்து, பயணம், பணம், பெண்கள் என்று லஞ்சம் கொடுத்துக் கப்பல்களைத் தனக்கு வசதியான துறைமுகங்களுக்கு வரவைத்தார், பிறகு கழிவு அகற்றுவது முதல் எரிபொருள் வரை விலையை ஏற்றினார். அந்த வழக்கில் வெளிவந்த தந்திரங்களில் ஒன்று இதே விஷயம்தான்: இல்லாத கம்பனிகளின் பெயரில் போலிக் கொட்டேஷன், போலித் துறைமுகக் கட்டணப் பட்டியல். 2013இல் சான் டியாகோவில் பிடிபட்டார், 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2022இல் வீட்டுக்காவலிலிருந்து தப்பியோடி வெனிசுவேலாவில் அகப்பட்டார், 2024 நவம்பரில் பதினைந்து வருடச் சிறை. கடற்படையிடம் கூடுதலாக வாங்கிய தொகை குறைந்தது 35 மில்லியன் டொலர். உங்களை மாதிரிச் சின்ன ஆட்களை அமெரிக்காவுக்கு இழுத்துப் போவார்களா என்று கேட்பீர்கள். இழுக்காவிட்டாலும் பெயர் தடைப்பட்டியலில் ஏறினால் இந்த வேலை அதோடு முடிந்தது. பொய்க் கணக்குக்கு எதிரான அவர்களின் சட்டம் 1863இலிருந்து இருக்கிறது, மூன்று மடங்கு நட்டஈடு கேட்கலாம், கீழ்ப்படியில் இருந்துகொண்டு பொய்க் கணக்குக்கு உதவியவரையும் பிடிக்கும்.

அந்த வழக்குக்குப் பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. கப்பலில் இருப்பவர் கையிலேயே பில்லைத் தீர்க்கிற முறை போய், கரையில் இருக்கிற வேறு அலுவலகம் சரிபார்த்துக் கொடுக்கிற முறை வந்துவிட்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் ஒப்பந்தங்களை ஆராய்ந்த ஆணைக்குழு 2011இல் கொடுத்த அறிக்கையில், வீணடிப்பும் மோசடியுமாக 31 முதல் 60 பில்லியன் டொலர் வரை போயிருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. ஆகவே உங்கள் காகிதத்தைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். அதே கெடுபிடி, ஒழுங்காக வேலை செய்கிறவருக்குப் பாதுகாப்பும்தான்.

மெஷினுக்கு வருவோம், இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "ஐந்து தொன் ஃபோர்க்லிஃப்ட்" என்று கேட்டால் உடனே ஆம் என்று எழுதாதீர்கள். எதைத் தூக்க வேண்டும் என்று கேளுங்கள். இராணுவச் சரக்கு விமானத்தில் வருகிற அலுமினியத் தட்டு, 463எல் என்பார்கள், 108 அங்குல நீளம், 88 அங்குல அகலம், நிறையச் சுமை ஏற்றினால் பத்தாயிரம் இறாத்தல், அதாவது நாலரைத் தொன். ஐந்து தொன் மெஷின் நாலரைத் தொன்னைத் தூக்காதா என்று தோன்றும். ஆனால் உங்கள் மெஷினின் ஐந்து தொன் என்பது சுமையின் நடுப்புள்ளி முள்ளின் அடியிலிருந்து 500 அல்லது 600 மில்லிமீற்றரில் இருக்கும்போதுதான். 108 அங்குலப் பக்கத்தால், 88 அங்குல அகலத்துக்குக் குறுக்கே முள்ளைக் கொடுத்தாலே நடுப்புள்ளி ஆயிரத்து நூறு மில்லிமீற்றரைத் தாண்டிவிடுகிறது. அந்தத் தூரத்தில் அதே மெஷின் பாதுகாப்பாகத் தூக்குவது மூன்றரைத் தொன் பக்கமாக இறங்கிவிடலாம், சரியான எண் உங்கள் மெஷினின் சுமைப் பலகையில் இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். முள் நீளமும் போதாது, நீட்டு முள் போட்டால் அதன் பாரமும் கழிய வேண்டும். ஓடுபாதைப் பக்கம் பின்சில்லு எழும்பி நிற்கிற ஃபோர்க்லிஃப்டும் கீழே விழுந்த தட்டும் என்றால், அதற்குப் பிறகு யாரும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள். பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் அதைவிட மோசம். பத்துத் தொன் மெஷின் இல்லையென்றால் இல்லையென்று எழுதுங்கள், அல்லது வெளியில் எடுத்துக் கொடுங்கள்.

ஜெனரேட்டரிலும் ஒரு கேள்வி முதலில் கேட்க வேண்டும்: ஐம்பது ஹெர்ட்ஸா அறுபதா? நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவர்கள் கொண்டுவருகிற கூடாரக் குளிரூட்டி, மருத்துவக் கருவி பலதும் 120/208 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை ட்ரான்ஸ்ஃபோமர் போட்டு மாற்றலாம், ஹெர்ட்ஸை அப்படி மாற்ற முடியாது, எஞ்சினே 1500க்குப் பதிலாக 1800 சுற்றில் ஓட வேண்டும். சில மெஷினில் இரண்டுக்கும் மாற்றுகிற வசதி இருக்கும், உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். அடுத்தது, பாதுகாப்புக்காக என்று சொல்லி 250 கேவிஏ கேட்டுவிட்டு முப்பது கேவிஏகூட ஓட்டமாட்டார்கள். டீசல் எஞ்சின் கிழமைக்கணக்கில் முப்பது சதவீதத்துக்குக் கீழே ஓடினால் எரியாத எண்ணெய் சைலன்சர் வழியாகக் கறுப்பாக வடியும், திரும்பி வந்ததும் கழற்றித் துப்புரவாக்குகிற செலவு உங்கள் தலையில். உண்மையான சுமை எவ்வளவு என்று கேட்டு, இரண்டு சின்ன மெஷினைச் சேர்த்துப் போடலாமா என்று நீங்களே யோசனை சொல்லுங்கள். இப்படிக் கேட்கிற ஆளை அவர்கள் மதிப்பார்கள்.

வேலைத்தளத்துக்குள் போவது இன்னொரு தலையிடி. விமானப்படைத் தளம் என்பதால் ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், லொறி இலக்கம், மெஷினின் தொடர் இலக்கம் எல்லாம் முன்கூட்டியே கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். முதல் பட்டியலிலேயே மாற்று ஒபரேட்டரையும் மாற்று மெஷினையும் மெக்கானிக்கையும் போட்டுவிடுங்கள். மெஷின் இரவில் நின்றுபோய், மாற்று மெஷின் கேட்டுக்கு வெளியே அனுமதிக்காகக் காத்துக் கிடந்தால், அந்த நேரத்துக்கு வாடகையும் வெட்டுவார்கள், பெயரும் கெடும்.

கையளிக்கிறபோது அவசரப்படக் கூடாது. மெஷின் லொறியிலிருந்து இறங்கியதும், அவர்களுடைய ஆள் பக்கத்தில் நிற்க, மணிமீற்றரைப் படம் எடுங்கள், எரிபொருள் அளவைப் படம் எடுங்கள், நான்கு பக்கமும் ஏற்கெனவே இருக்கிற நெளிவு, கீறல், டயர் எல்லாம் எடுங்கள். ஒரு பக்கத் தாளில் திகதி, நேரம், மீற்றர் எண், எரிபொருள், குறைகள், வாங்கியவரின் பெயர், பதவி, கையெழுத்து. திருப்பி எடுக்கும்போது அதே தாளின் மறுபக்கம். மூன்று பிரதி: ஒன்று அவர்களுக்கு, ஒன்று ஏஜென்டுக்கு, ஒன்று உங்களுக்கு. இன்வொய்ஸோடு இணைக்க வேண்டியது இந்தத் தாளைத்தான். கையெழுத்துப் போட்டவர் பயிற்சி முடிந்த அடுத்த நாளே ஒக்கினாவாவுக்கோ குவாமுக்கோ போய்விடுவார், பிறகு கேட்டு வாங்க ஆள் இருக்காது. நானே ஒரு ஏஜென்டிடம் பட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம், மெஷின் திரும்பிய திகதியை இரண்டு நாள் முன்னதாகக் காட்டிக் கணக்கை வெட்டப் பார்த்தார்கள். மறுபக்கத்துக் கையெழுத்தைக் காட்டியதும் பேச்சு நின்றது.

இப்போது விலை. எண் நான் சொல்லப்போவதில்லை, உங்கள் யார்ட்டின் செலவு உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் விலையை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். "ஒரு நாள்" என்றால் எட்டு மணித்தியாலமா, இருபத்துநான்கா? விமானம் நள்ளிரவில் வரும், இரண்டு ஷிஃப்ட் ஒபரேட்டர் தேவைப்படும். ஒரு நாளுக்கு மீற்றரில் இத்தனை மணித்தியாலம், கூடினால் மணிக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். ஒபரேட்டர் உள்ளடங்கலா இல்லையா, டீசல் யாருடையது என்பதும் தனித்தனி வரி. 2022ஐ மறந்திருக்கமாட்டீர்கள், மார்ச் தொடக்கத்தில் இருநூறு சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்று அறுபதுக்குப் போனது, டீசல் காசு கொடுத்தும் கிடைக்கவில்லை. எனவே டீசல் அவர்களுடையது என்றால் மிகவும் நல்லது. இல்லையென்றால் விநியோகிக்கிற நாளின் விலைப்படி என்று போடுங்கள், கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்றும் போடுங்கள். கொண்டுபோய் இறக்குவது, திருப்பி எடுப்பது தனிக் கட்டணம். மெஷின் சும்மா நிற்கிற நாளுக்கும் வாடகை உண்டு என்று எழுதவேண்டும், எழுதாவிட்டால் "நாங்கள் பாவிக்கவில்லையே" என்பார்கள்.

ரத்துக் கட்டணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கப்பல் வருகையும் பயிற்சியும் கடைசி நிமிடத்தில் ரத்தாவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒரு பக்கம் புயல், ஒரு பக்கம் அரசியல், இன்னொரு பக்கம் செங்கடலில் ஏதாவது நடந்து கப்பலைத் திருப்பிவிடுவார்கள். அமெரிக்க அரசாங்கம் தன் வசதிக்காக ஒப்பந்தத்தை எந்த நேரமும் முடிக்கலாம் என்று அவர்களின் வழமையான நிபந்தனையிலேயே இருக்கிறது. அப்படி முடித்தால் செய்த வேலையின் விகிதத்துக்கும், நிறுத்தியதால் வந்த நியாயமான செலவுக்கும் காசு உண்டு. ஆனால் அந்த உரிமை பிரதான கம்பனிக்கு. உங்களுக்கு அது இறங்கி வர வேண்டுமானால் உங்கள் ஓர்டரிலும் எழுதியிருக்க வேண்டும்: ஏழு நாளுக்கு முன் என்றால் இவ்வளவு, 48 மணித்தியாலத்துக்குள் என்றால் இவ்வளவு, லொறி புறப்பட்ட பிறகு என்றால் இவ்வளவு.

காசு வருமா என்ற கேள்விக்கு இதே பதில்தான் தொடர்கிறது. அமெரிக்க அரசாங்கம் ஒழுங்கான இன்வொய்ஸ் கிடைத்து, பொருளை அல்லது சேவையை ஏற்றுக்கொண்டு பொதுவாக முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் தர வேண்டும், அதற்குச் சட்டமே இருக்கிறது. அந்த முப்பது நாளும் பிரதான கம்பனிக்கானது. அங்கிருந்து ஏஜென்டுக்கு, ஏஜென்டிடமிருந்து உங்களுக்கு என்று வரும்போது தொண்ணூறு நாளாவதைப் பார்த்திருக்கிறேன். "எங்களுக்குக் கிடைத்த பிறகு தருவோம்" என்ற வரி ஓர்டரில் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள், வெட்டமாட்டார்கள் என்றால் கடைசித் திகதி ஒன்றாவது போடச் சொல்லுங்கள். மெஷினை ஏற்றி இறக்குகிற செலவும் முதல் கிழமை வாடகையும் முற்பணமாகக் கேளுங்கள். புது வாடிக்கையாளரிடம் முற்பணம் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. டொலரில் விலை, டொலரில் வங்கிக்கு, வங்கிக் கட்டணம் அனுப்புகிறவருடையது. பெறுமதி சேர் வரி 18 சதவீதம் தனி என்று எழுதிவிடுங்கள். வரிவிலக்கு இருக்கிறது என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது, கடிதம் வேண்டும், அதை உங்கள் கணக்காளர் பார்க்க வேண்டும்.

அப்புறம் மோசடி. பிரதான ஒப்பந்தத்தின் இலக்கத்தையும் பயிற்சிக்கான பணி ஓர்டரின் இலக்கத்தையும் கேளுங்கள், உண்மையான கம்பனி தயங்காது. அமெரிக்கப் படை அதிகாரி என்று சொல்லி வருகிற ஈமெயில் டொட் மில் (.mil) என்று முடிய வேண்டும், ஜிமெயிலில் வந்தால் அது அவர் இல்லை. நேரடியாக அவர்களுக்கு விலைமனு போட நினைத்தால் முதலில் என்கேஜ் (NCAGE) என்ற, கம்பனியை அடையாளம் காட்டுகிற குறியீட்டை எடுத்து, பிறகு சாம் (SAM) என்ற அவர்களின் இணையப் பதிவில் பதிய வேண்டும், இரண்டும் இலவசம். "ஐந்நூறு டொலர் கட்டுங்கள், நாங்கள் பதிந்து தருகிறோம்" என்று வருகிற ஈமெயில்களைத் தூக்கிப் போடுங்கள். பதியும்போது ஒரே கஷ்டம் முகவரி: வியாபாரப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் வேறொன்று என்றால் மாதக்கணக்கில் திரும்பித் திரும்பி வரும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒபரேட்டர்களைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விடமாட்டேன். அமெரிக்காவுக்கு வெளியே அவர்களின் படை ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்குக் காயம், மரணத்துக்கு நட்டஈடு கொடுக்கிற காப்புறுதி வேண்டும் என்று 1941இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் அது பொதுவாகப் பொருந்தும், உபஒப்பந்தக்காரரின் ஆளுக்கும்கூட. உங்கள் ஒபரேட்டர்களுக்கு அந்தக் காப்புறுதியை யார் எடுக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். நாளைக்கு இதே கம்பனி "குவைத்துக்கு இரண்டு ஒபரேட்டர் தாருங்கள்" என்று கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். ஆளிடம் வேலைக்காகக் காசு வாங்கக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, எங்கே என்ன வேலை என்று பொய் சொல்லக் கூடாது, இவை எல்லாம் அவர்களின் ஒப்பந்த நிபந்தனையிலேயே இருக்கின்றன. 2004இல் ஜோர்தானில் வேலை என்று கூட்டிப்போன பன்னிரண்டு நேபாள இளைஞர்கள் ஈராக்கில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். கடன்பட்டு ஏஜென்டுக்குக் காசு கட்டிப் போன பிள்ளைகள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், காப்புறுதி இல்லாமல், உங்கள் யார்டிலிருந்து ஒரு பிள்ளைகூட விமானம் ஏறக் கூடாது.

மெஷினையே நாட்டுக்கு வெளியே அனுப்பக் கேட்டால் வேறு கணக்கு. லீசிங்கில் இருக்கிற மெஷின் என்றால் லீசிங் கம்பனியின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் நகர்த்த முடியாது. சுங்கத்தில் தொடர் இலக்கத்தோடு தற்காலிக ஏற்றுமதி என்று பதியாவிட்டால் திரும்பி வரும்போது இறக்குமதித் தீர்வை கேட்பார்கள். இங்கே எடுத்த காப்புறுதி யுத்தச் சேதத்துக்குக் காசு தராது, கலவரம், பயங்கரவாதத்துக்கே தனியாகக் கட்டித்தான் சேர்க்கிறோம்.

நம் நாட்டு இராணுவமே இந்த வாடகைத் தொழிலில்தான் இருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும்போது வாகனமும் ஜெனரேட்டரும் நம்முடையவை, ஐ.நா. மாதவாடகை கொடுக்கிறது. பராமரிப்பும் உதிரிப்பாகமும் படையை அனுப்பிய நாடே பார்த்தால் ஒரு விகிதம், வேறொருவர் பார்த்தால் குறைந்த விகிதம், நம் யார்டுகளில் வெட் ஹயர், ட்ரை ஹயர் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதே யோசனை. மாலிக்குப் போன நம் வாகனத் தொடரணிக் கம்பனியும் இந்த விதிகளுக்குள்தான் இருந்தது. இறங்கிய நாளில் ஒரு சோதனை, இடையிடையே சோதனை, திரும்புகிறபோது சோதனை. வேலை செய்யாத வாகனத்துக்குக் காசு வெட்டு. வீதிச் சூழல் மோசம், ஆபத்து அதிகம் என்றால் விகிதம் கொஞ்சம் கூடும். ஒரு அரசாங்கத்துக்கே இவ்வளவு கண்டிப்பாகச் சோதித்துத்தான் கொடுக்கிறார்கள் என்றால், உங்கள் மணிமீற்றர்ப் படம் எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள்.

கடைசிக் கேள்வி, லீசிங்கில் இன்னும் இரண்டு ஜெனரேட்டர். வேண்டாம். இரண்டு கிழமை வேலையை நம்பி ஐந்து வருடத் தவணை கட்டக் கூடாது. அடுத்த பயிற்சி எப்போது, அது உங்களுக்கு வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. பேலியகொடையிலும் வத்தளையிலும் சும்மா நிற்கிற ஜெனரேட்டர்கள் எத்தனை இருக்கின்றன, தெரிந்தவர்களிடம் எடுத்துக் கொடுங்கள். ஆனால் மேலே உங்களுக்கு என்ன நிபந்தனையோ அதே நிபந்தனையைக் கீழேயும் எழுதுங்கள், ரத்துக் கட்டணம், மணித்தியாலம், சேதம் எல்லாம். மேலே தொண்ணூறு நாள், கீழே பக்கத்து யார்ட்காரருக்கு ஏழு நாள் என்றால் நடுவில் நசுங்குவது நீங்கள்.

நாளைக்கே விலை வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள் அல்லவா, இன்றிரவே பதில் போடுங்கள், விலை இல்லாமல். ஒப்பந்த இலக்கம், தூக்க வேண்டிய சுமையும் தட்டின் அளவும், ஹெர்ட்ஸும் உண்மையான சுமையும், ஒரு நாளுக்கு எத்தனை மணித்தியாலம், டீசல் யாருடையது, ஓர்டரில் கையெழுத்துப் போடப்போகிறவரின் பெயரும் பதவியும், முற்பணம், ரத்துக் கட்டணம், ஒபரேட்டர் காப்புறுதி. மற்ற இரண்டு கொட்டேஷனைப் பற்றி, அவற்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாக ஒரு வரி. இவற்றுக்கு நேராகப் பதில் வந்தால் விலைத்தாளைத் தயாரித்து எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஓர்டர் வருவதற்கு முன் நான் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.